199 ரூபாய் சார்ஜர், ஃப்ரீ ஷிப்பிங்... மிச்சமாகுறது காசு, பணயமாகுறது என்ன?

போன வருஷம் மே மாசம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். வேளச்சேரியில் நானும் ரெண்டு தோழிகளும் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீடு. திடீர்னு பிளாஸ்டிக் கருகுற வாசனை. கேஸ் ஸ்டவ்வோனு நினைச்சு கிச்சனுக்கு ஓடினேன். அங்கே ஒண்ணும் இல்லை. திரும்பி வந்து பார்த்தா, தோழியோட தலைமாட்டில் இருந்த பிளக் பாயின்ட்டில் புகை. சுவிட்சை அணைச்சு, துணியைச் சுத்தி சார்ஜரைப் பிடுங்கினோம். பின் பக்கம் முழுக்க உருகியிருந்தது. அதிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் தலையணை.

அந்த சார்ஜரோட விலை 199 ரூபாய். ரீல்ஸ் பார்த்துட்டிருந்தப்போ நடுவில் வந்த விளம்பரம். ஏதோ ஒரு வெளிநாட்டு வெப்சைட். 22 நாள் கழிச்சு ஒரு சாம்பல் நிற கவரில் வந்து சேர்ந்தது. பெட்டி இல்லை, பில் இல்லை, கம்பெனி பேர் இல்லை.

மறுநாள் காலையில் கம்ப்ளெயின்ட் பண்ணலாம்னு உட்கார்ந்தோம். வெப்சைட் திறக்கவே இல்லை. மெயில் அனுப்பினா திரும்பி வந்துடுச்சு. போன் நம்பர்னு எதுவும் கிடையாது. 'நாளைக்கு வீடே எரிஞ்சிருந்தாலும் யாரைக் கேட்கிறது?'னு தோழி கேட்டா. எங்ககிட்ட பதில் இல்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

ஏன் இவ்வளவு சீப்?

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடலாம். 'சீனாப் பொருள்னாலே டூப்ளிகேட்'னு சொல்றது நியாயமில்லை. நீங்க 50 ஆயிரம் கொடுத்து வாங்குற போனும் பெரும்பாலும் அங்கே உருவானதா, இல்லை அங்கிருந்து வந்த பாகங்களைக் கொண்டு செஞ்சதாத்தான் இருக்கும். தரமான பொருளும் தரமில்லாத பொருளும் ஒரே ஊரில், சில நேரம் பக்கத்துப் பக்கத்துத் தெருவிலேயே தயாராகுது.

வித்தியாசம் வர்றது நடுவழியில். முறையா ஒரு கம்பெனி சார்ஜரை இறக்குமதி பண்ணா, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில், அதாவது பி.ஐ.எஸ்-ல் பதிவு பண்ணணும். அதுக்கு லேபில் டெஸ்ட் பண்ணணும். லேபிளில் இறக்குமதியாளர் பேர், முகவரி, எம்.ஆர்.பி போடணும். கஸ்டம்ஸ் வரி கட்டணும். ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்ல ஓர் ஆள் இங்கே இருக்கணும். இது எல்லாத்துக்கும் காசு செலவாகும். அந்தக் காசும் பொருளோட விலையில் இருக்கு.

வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேரா உங்க வீட்டுக்கு வர்ற தனிப் பார்சலில் இந்தப் படிகள் பலதும் காணாமப் போயிடும். நம்ம ஊர்ல கொஞ்ச காலம் முன்னாடி வரைக்கும் இந்தப் பார்சல்கள் 'கிஃப்ட்'ங்கிற பேர்ல வந்துட்டிருந்தது. 5,000 ரூபாய் வரைக்கும் பரிசுப் பொருளுக்கு வரி கிடையாதுங்கிற விதியைப் பயன்படுத்தினாங்க. 2019 டிசம்பரில் மத்திய அரசு அந்தச் சலுகையை நிறுத்துச்சு. ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துகளுக்கும் மட்டும்தான் விலக்கு. 2020-ல் ஷீன், அலி எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட பல சீன ஆப்களுக்கு இந்தியா தடையும் போட்டது. ஷீன் 2025-ல் ரிலையன்ஸோட கைகோத்துத் திரும்ப வந்தாலும், இங்கே விக்கிறது இந்தியாவில் தயாரான துணிகள்.

'அப்போ பிரச்னை முடிஞ்சதே'ன்னு தோணும். முடியலை. பெரிய ஆப் போனதும் ஆயிரம் சின்ன வெப்சைட்கள் வந்துடுச்சு. இன்ஸ்டா பேஜ், வாட்ஸ்அப் குரூப், சிங்கப்பூர்ல இருக்கிற சித்தப்பா, துபாய்ல இருக்கிற ஃப்ரெண்டுனு பொருள் வர்ற வழி மட்டும்தான் மாறியிருக்கு.

மத்த நாடுகள் டெஸ்ட் பண்ணிப் பார்த்தப்போ...

ஐரோப்பிய யூனியனுக்குள்ள 150 யூரோவுக்குக் குறைவான பார்சல்கள் 2024-ல் மட்டும் சுமார் 460 கோடி வந்திருக்கு. ஒரு நாளைக்கு 1 கோடியே 20 லட்சம். இதில் பத்தில் ஒன்பது சீனாவிலிருந்து வந்தவை. எத்தனை அதிகாரிகளைப் போட்டாலும் ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்க்க முடியாதுல்ல?

அதனால் அங்கங்கே சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. தென் கொரியாவின் சோல் மாநகராட்சி, அலி எக்ஸ்பிரஸ், டெமு, ஷீன் தளங்களில் விற்ற 93 பொருட்களைச் சோதிச்சு 2024-ல் முடிவை வெளியிட்டது. கிட்டத்தட்ட பாதியில் நச்சுப் பொருட்கள். ஒரு குழந்தைகள் காலணியில் 'தாலேட்' அளவு அனுமதிக்கப்பட்டதைவிட 428 மடங்கு! பிளாஸ்டிக்கை வளைஞ்சு கொடுக்கிற மாதிரி மிருதுவாக்கச் சேர்க்கிற ரசாயனம்தான் தாலேட். ஹார்மோன்களைக் குழப்பி, இனப்பெருக்க ஆரோக்கியத்தைப் பாதிக்கும்ங்கிறதாலதான் குழந்தைப் பொருட்களில் அதுக்குக் கடுமையான வரம்பு வச்சிருக்காங்க.

கனடாவில் 2021-ல் சி.பி.சி தொலைக்காட்சி வாங்கிச் சோதிச்ச ஒரு குழந்தை ஜாக்கெட்டில், பாதுகாப்பான அளவைப்போல கிட்டத்தட்ட 20 மடங்கு ஈயம் இருந்தது. ஐரோப்பிய பொம்மைத் தயாரிப்பாளர் சங்கம் டெமுவிலிருந்து 19 பொம்மைகளை வாங்கிப் பார்த்தது. ஐரோப்பிய விதிகளுக்கு முழுசா உட்பட்டது ஒண்ணுகூட இல்லை. இந்தச் சங்கம் வியாபாரப் போட்டியாளர்களோடது என்பதையும் மனசுல வச்சுக்கணும். ஆனா சோல் மாநகராட்சிக்கு அப்படி எந்த வியாபாரமும் இல்லை.

நம்ம ஊர் கணக்கும் நல்லா இல்லை. 2019-ல் இந்தியத் தர கவுன்சில் நடத்திய ஆய்வில், டெல்லி வட்டாரச் சந்தையில் எடுத்த இறக்குமதி பொம்மைகளில் சுமார் 67 சதவிகிதம் பாதுகாப்புச் சோதனையில் ஃபெயில். அதுக்கப்புறம்தான் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயமாச்சு.

சார்ஜருக்குள்ள என்ன நடக்குது?

உருகின அந்த சார்ஜரை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தெரிஞ்ச சர்வீஸ் அண்ணன் ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். ஸ்க்ரூ டிரைவரால நெம்பினதும் ரெண்டா பிளந்துடுச்சு. உள்ளே பார்த்துட்டு, 'இது சார்ஜர் இல்லம்மா, கொளுத்தி வச்ச ஊதுபத்தி. எப்பவோ புகைஞ்சிருக்கணும்'னார்.

அவர் விளக்கினது இதுதான். சுவத்து பிளக்கில் இருக்கிறது 230 வோல்ட். உங்க போனுக்குப் போக வேண்டியது வெறும் 5 வோல்ட் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. சார்ஜருக்குள்ள ரெண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் ஆளைக் கொல்ற மின்சாரம், இன்னொரு பக்கம் நீங்க தொடுற மின்சாரம். ரெண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளியும், டிரான்ஸ்ஃபார்மரைச் சுத்தி இன்சுலேஷன் டேப்பும் கட்டாயம் இருக்கணும். ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற கெபாசிட்டர்கூட பாதுகாப்புக்குன்னே தயாரிச்ச தனி வகையா இருக்கணும். கரன்ட் எகிறினா அறுந்து போக ஒரு ஃபியூஸும் வேணும்.

199 ரூபாய்க்கு விக்கணும்னா இதில் எதையாவது குறைக்கணும். எங்க சார்ஜரில் ஃபியூஸ் கிடையாது. ரெண்டு பக்கத்துக்கும் நடுவில் நகக்கண் அளவுகூட இடம் இல்லை. அந்தத் தடுப்பு ஒருநாள் உடைஞ்சா, 230 வோல்ட் நேரா கேபிளுக்கு வரும். சார்ஜ் போட்டுக்கிட்டே நீங்க போன் பேசிட்டிருந்தா... மீதியை நான் சொல்ல வேண்டாம்.

இது எங்க ஒரு சார்ஜரோட கதை மட்டும் இல்லை. 2016-ல் யூ.எல் என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம், ஆப்பிள் பேர் போட்ட 400 போலி அடாப்டர்களைச் சோதிச்சது. 99 சதவிகிதம் ஃபெயில். அதில் 12 அடாப்டர்கள் உயிரையே பறிக்கிற அளவுக்கு மோசமான வடிவமைப்பு.

பவர் பேங்க்: தராசு பொய் சொல்லாது

'50,000 எம்.ஏ.எச் பவர் பேங்க், 499 ரூபாய்'னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. இதைக் கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேண்டாம், மளிகைக்கடைத் தராசு போதும். பவர் பேங்க்குக்குள்ள இருக்கிற உருளை வடிவ லித்தியம் செல் ஒண்ணு அதிகபட்சம் சுமார் 3,500 எம்.ஏ.எச் தாங்கும். எடை 45 முதல் 50 கிராம். அப்போ 20,000 எம்.ஏ.எச்-க்கு 6 செல். செல் எடையே சுமார் 280 கிராம். 50,000-ன்னா கிட்டத்தட்ட 15 செல், முக்கால் கிலோவை நெருங்கணும். கையில் எடுத்தா 150 கிராம்தான் இருக்குன்னா, மேல எழுதியிருக்கிறது பொய். அந்த ஒரு விஷயத்தில் பொய் சொன்னவங்க, உள்ளே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் விஷயத்தில் மட்டும் உண்மையா இருப்பாங்களா?

லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா சாதாரண தீ மாதிரி சட்டுனு அணையாது. ஒரு செல் சூடாகி வெடிச்சா பக்கத்து செல்லும் பத்திக்கும். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒண்ணு எரிஞ்சது. பவர் பேங்க்குக்குள்ள இன்சுலேஷன் பழுதானது காரணமா இருக்கலாம்னு விசாரணையில் சொன்னாங்க. அதே வருஷம் ஜூனில், தன்னோட தரச் சான்று இல்லாத பவர் பேங்க்குகளை உள்நாட்டு விமானங்களில் எடுத்துட்டுப் போக சீனாவே தடை போட்டது. தயாரிக்கிற நாடே தன் மக்களுக்கு முத்திரை பார்த்து வாங்கச் சொல்லுது. நாம பார்க்க வேண்டாமா?

முகத்துக்குப் பூசுறது கிட்னிக்குப் போகும் கதை

சார்ஜர் கருகினா வாசனையாவது வரும். க்ரீம் அப்படி இல்லை.

கேரளாவின் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல் மருத்துவமனை ஒண்ணில் சிறுநீரக டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் 'மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி' என்ற சிறுநீரகப் பாதிப்போட 22 பேர் வந்திருந்தாங்க. சிறுநீரில் புரதம் போய், கால் வீங்குற நோய் இது. அதில் 15 பேருக்கு இந்த நோயின் ஓர் அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர், அறிகுறி வர்றதுக்கு முன்னாடி சிவப்பழகு க்ரீம் பூசினதா ஒப்புக்கிட்டாங்க. இந்த ஆய்வு 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் வெளியாச்சு. ஆறுதலான செய்தி, க்ரீமை நிறுத்தினதும் பெரும்பாலானவங்களுக்குப் பாதிப்பு சரியாச்சு.

காரணம், பாதரசம். தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் உருவாகிறதை அது தடுக்கும். அதனால் பத்தே நாளில் 'பளிச்'. ஆனா பூசினது தோலோட நிக்காது. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேரும். அதனாலதான் நம்ம நாட்டில் அழகு சாதனங்களில் பாதரசம் சேர்க்கத் தடை. தவறிக் கலந்தாகூட பொதுவா பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

'ஃபாரின் க்ரீம், அங்கே இருந்து அக்கா அனுப்பினது'ன்னு யாராவது கொடுத்தா டப்பாவைத் திருப்பிப் பாருங்க. சேர்மானப் பட்டியலே இல்லைன்னா வேண்டாம். 'மெர்குரி', 'மெர்குரஸ் குளோரைடு', 'மெர்குரிக் அயோடைடு'ன்னு இருந்தா கண்டிப்பா வேண்டாம். 'தங்கம், வெள்ளி, அலுமினியம் நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்'னு எச்சரிக்கை இருந்தா, அதுவும் பாதரசத்துக்கான அடையாளம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

குழந்தை கையில் கொடுக்கும் முன்...

லைட் எரியுற பொம்மை, பாட்டுப் பாடுற கார்டு, குட்டி ரிமோட்... எல்லாத்துக்குள்ளயும் பட்டன் பேட்டரி இருக்கும். நல்ல பொம்மையில் அந்த மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பாங்க. மட்டமான பொம்மையில் நகத்தால் நெம்பினா திறந்துடும்.

குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினா, ஈரத்தில் மின்சாரம் பாய்ஞ்சு காரம் உருவாகும். ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிச்சுப் புண்ணாக்கிடும். அமெரிக்காவில் ரிமோட்டிலிருந்த பட்டன் பேட்டரியை விழுங்கி இறந்த ஒரு குழந்தையோட பேரிலேயே 2022-ல் 'ரீஸ் சட்டம்' கொண்டு வந்தாங்க. குழந்தை விழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க. 'வெளிக்குப் போறப்போ வந்துடும்'னு காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

வைஃபை வழியா வர்ற விருந்தாளி

'எல்லா ஓடிடி-யும் இலவசம்'னு சொல்லி விக்கிற, பேர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் உங்க வீட்டில் இருக்கா? 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ ஓர் எச்சரிக்கை விட்டது. மலிவான டிவி பாக்ஸ், புரொஜெக்டர், டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் போன்றவற்றில் 'பேட்பாக்ஸ்' என்ற மால்வேர் வாங்கும்போதே உள்ளே இருக்கலாம், அல்லது முதல் தடவை செட்டப் பண்றப்போ இறங்கலாம்ங்கிறதுதான் அது. அப்புறம் உங்க வீட்டு வைஃபையைப் பயன்படுத்தி யாரோ எங்கேயோ மோசடி பண்ணுவாங்க. அடையாளமா பதிவாகிறது உங்க வீட்டு இணைய முகவரி.

பணம் கட்டுற இடத்திலும் கவனம் வேணும். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்கிறதே இல்லை. கார்டு நம்பரும் சி.வி.வி-யும் போதும். அதனால் பேங்க் ஆப்பில் 'இன்டர்நேஷனல்' ஆப்ஷனை எப்பவும் ஆஃப் பண்ணி வைங்க. தேவைப்படுறப்போ குறைஞ்ச லிமிட்டோட ஆன் பண்ணி, வாங்கினதும் திரும்ப ஆஃப் பண்ணிடுங்க. 'உங்க பார்சல் கஸ்டம்ஸில் மாட்டியிருக்கு, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்க'ன்னு மெசேஜ் வந்தா தொடாதீங்க.

அப்போ எதையுமே வாங்கக் கூடாதா?

அப்படி இல்லை. நான் இன்னும் ஸ்டிக்கர், கீ செயின், டைரி எல்லாம் வாங்கிட்டுத்தான் இருக்கேன். அது கெட்டுப்போனா போறது காசு மட்டும்தான். ஆனா நாலு விஷயத்துக்கு மட்டும் எங்க வீட்டில் இப்போ கண்டிப்பான ரூல்: கரன்ட்டில் சொருகுறது, உடம்பில் பூசுறது, வாயில் போடுறது, குழந்தை கையில் கொடுக்கிறது. இந்த நாலையும் பேர் தெரியாத இடத்திலிருந்து வாங்குறதில்லை.

மத்தபடி 'ஆர்டர்' பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க:

1. இங்கே யார் பொறுப்பு? இறக்குமதியாளர் பேரும் இந்திய முகவரியும் இருக்கா? எந்த நாட்டுத் தயாரிப்பு, குறைதீர் அதிகாரி யார்னு ஆன்லைன் தளங்கள் சொல்லணும்னு 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள் சொல்லுது. இல்லாத தளத்தைத் தவிர்த்துடுங்க.

2. முத்திரை உண்மையா? சார்ஜர், பவர் பேங்க்கில் 'ஆர்' எழுத்தோட 8 இலக்கப் பதிவு எண் இருக்கும். பொம்மையில் ஐ.எஸ்.ஐ முத்திரையும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணை டைப் பண்ணா யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்ததுன்னு காட்டும். பேர் பொருந்தலைன்னா அது போலி.

3. 'சி.இ' இருக்கே, போதாதா? போதாது. அது ஐரோப்பியச் சந்தைக்கான குறி. பல பொருட்களுக்குத் தயாரிப்பாளரே தனக்குத்தானே போட்டுக்கலாம். இந்தியச் சான்றுக்கு அது மாற்று இல்லை.

4. ரிவ்யூவில் எதைப் படிக்கிறது? 5 ஸ்டாரை விடுங்க. 1 ஸ்டாரைப் படிங்க. 'சூடாகுது', 'வாசனை வருது', 'அரிக்குது'ன்னு ரெண்டு பேர் சொல்லியிருந்தாலே விலகிடுங்க.

5. இந்தியத் தளம்னா கண்ணை மூடி வாங்கலாமா? கூடாது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் ரெண்டு பெரிய ஆன்லைன் நிறுவனங்களின் கிடங்குகளில் பி.ஐ.எஸ் அதிகாரிகள் சோதனை போட்டு, சான்று இல்லாத பொருட்களைப் பறிமுதல் பண்ணாங்க. தளம் பெருசா சின்னதாங்கிறதைவிட, கையில் வந்த பொருளில் எண் இருக்காங்கிறதுதான் முக்கியம்.

ஏமாந்துட்டீங்கன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்க. பணம் பறிபோச்சுன்னா சைபர் க்ரைம் எண் 1930-க்கு உடனே. முத்திரை போலின்னா பி.ஐ.எஸ் கேர் ஆப்பிலேயே புகார் கொடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட், கவர், பேமென்ட் விவரம் எதையும் தூக்கிப் போடாதீங்க. நாங்க அந்த சாம்பல் கவரை அன்னைக்கே குப்பையில் போட்டுட்டோம். அதில்தான் அனுப்பினவங்க முகவரி இருந்திருக்கும்.

உருகின சார்ஜர் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கு. ஆஃபர் மெசேஜ் வந்து கை துறுதுறுன்னா, எடுத்து ஒரு தடவை பார்த்துக்குவேன்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. இன்னைக்கு ராத்திரி போனை சார்ஜில் போடுறதுக்கு முன்னாடி, அடாப்டரைத் திருப்பிப் பிடிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. அந்த 'ஆர்' நம்பர் இருந்தா ஆப்பில் போட்டுச் சரிபாருங்க. இல்லைன்னா, தலைமாட்டிலிருந்து முதல்ல அதைக் கழட்டுங்க. புது சார்ஜர் நாளைக்கு வாங்கிக்கலாம்.